ஏக்கருக்கு 250 ரூபாய் கொடுத்து வானிலை ஆலோசனை வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கீழ் சுமார் 1,200 ஏக்கர் இருக்கிறது. பாதிக்கு மேல் மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை), மீதி கிணற்றுப் பாசன நெல், கொஞ்சம் பருத்தி. ஒரு தனியார் நிறுவனம் ஊரிலேயே தானியங்கி வானிலை நிலையம் வைத்துத் தினமும் செல்போனில் ஆலோசனை அனுப்புகிறேன், ஏக்கருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் கொடுங்கள் என்கிறது. அது கொடுக்கத் தகுந்த விலையா, அரசு இலவசமாகத் தருவதே போதாதா என்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வானிலைத் தகவலால் ஓர் ஏக்கருக்கு உண்மையில் எத்தனை ரூபாய் மிச்சமாகும், அதை எப்படிக் கணக்குப் போடுவது? அந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் 250 ரூபாய் கேள்வியை உங்கள் இயக்குநர் கூட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

வானிலைத் தகவலுக்குத் தனியாக ஒரு விலை கிடையாது. அதைக் கேட்டு, செய்ய இருந்ததை ஒருவர் மாற்றிச் செய்தால்தான் அதில் பணம் வரும். நாளைக்கு மழை என்று தெரிந்தும் வழக்கம்போலவே வேலை நடந்தால், தகவல் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. ஆகவே கணக்கை உங்கள் உறுப்பினர்கள் ஒரு போகத்தில் எடுக்கும் முடிவுகளிலிருந்து தொடங்குங்கள்: விதைப்பு, மருந்து, மேலுரம் (வளரும் பயிருக்கு நடுவில் இடும் உரம்), அறுவடை, பாசனம். இதில் பாசனத்தை முதலிலேயே ஓரம் வைத்துவிடலாம். 'மழை வருமென்று தெரிந்து ஒரு தண்ணீரை நிறுத்தினால் இத்தனை ரூபாய் மிச்சம்' என்று விற்பனைக்கு வருகிறவர்கள் பெரிய தொகையாகக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அது கிணற்றில் மிஞ்சுவதன் அருமை பங்குனி, சித்திரையில் தெரியும். ஆனால் ரூபாயாகக் கைக்கு வராது. டீசல் என்ஜின் வைத்திருப்பவருக்கும், தண்ணீர் கட்ட ஆள் வைத்திருப்பவருக்கும் மட்டும் கொஞ்சம் மிச்சமாகும். அவர்கள் காட்டும் கணக்கில் இந்த வரி இருந்தால் அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

மருந்து அடிப்பதை எடுத்துக்கொள்வோம், கணக்கு தெளிவாக இருக்கும். கீழே வரும் விலைகளும் மழை நாட்களின் எண்ணிக்கையும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓர் ஏக்கருக்கு மருந்து 600, அடிக்கிற ஆளுக்கு 500, ஆக 1,100 ரூபாய். அடித்த சில மணி நேரத்துக்குள் நல்ல மழை பிடித்தால் மருந்து கழுவிப்போய் மறுபடி அடிக்க வேண்டும், அதாவது 1,100 நஷ்டம். அந்தப் பருவத்தில் பத்து நாளில் மூன்று நாள் மாலை மழை வரும் என்று வைப்போம். எதையும் பார்க்காமல் அடித்துக்கொண்டே போனால் பத்துத் தடவைக்கு 3,300 ரூபாய் வீண். இப்போது ஒரு முன்னறிவிப்பு கிடைக்கிறது. சுமாரான முன்னறிவிப்புதான்: மூன்று மழை நாளில் இரண்டைச் சரியாகச் சொல்கிறது, ஒன்றைத் தவறவிடுகிறது, மழையே வராத இரண்டு நாளில் வீணாகப் பயமுறுத்துகிறது. 'மழை' என்று சொன்ன நாலு நாளும் வேலையைத் தள்ளிவைக்கிறீர்கள். ஒரு நாள் தள்ளினால் பூச்சி கொஞ்சம் கூடும், ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதற்கு 250 ரூபாய் வைத்துக்கொள்வோம். தள்ளிவைத்ததற்கு 1,000, தவறவிட்ட ஒரு நாளுக்கு 1,100, மொத்தம் 2,100. வித்தியாசம் 1,200. ஒரு தடவை மருந்துக்கு 120 ரூபாய் மிச்சம். மல்லாட்டைக்கு இரண்டு தடவை அடித்தால் ஏக்கருக்கு 240, பருத்திக்கு ஆறு தடவை என்றால் 720.

இதே முன்னறிவிப்பு இன்னொருவருக்கு நஷ்டத்தையும் கொடுக்கும். தள்ளிவைக்க ஆகும் செலவு 250 ஆக இல்லாமல் 700 என்று வையுங்கள். ஆளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, அவர் காலையில் வந்து வரப்பில் நிற்கிறார், வேலை இல்லை என்றாலும் கூலி கொடுத்தாக வேண்டும், டேங்க்கில் கலக்கிய மருந்தை நாளைக்கு வைக்கவும் முடியாது. நாலு நாளுக்கு 2,800, தவறவிட்டதற்கு 1,100, கூட்டினால் 3,900. கண்ணை மூடிக்கொண்டு அடித்தவர் 3,300 தான் இழந்தார். எல்லைக் கோடு 550 ரூபாயில் இருக்கிறது. ஒரு நாள் தள்ளிப்போட அதற்கு மேல் செலவானால் இந்தத் தரத்தில் உள்ள முன்னறிவிப்பைக் கேட்காமல் இருப்பதே லாபம். அதனால்தான் தகவல் வந்து சேரும் நேரத்தை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். முந்தின நாள் மாலை ஐந்து, ஆறு மணிக்குள் வந்தால், ஆள் பேசுவதற்கு முன்பே முடிவெடுக்கலாம், தள்ளிப்போடும் செலவு சிறிதாகிவிடும். காலை ஏழு மணிக்கு வருகிற செய்தி எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதிப் பணம் அதற்குள் போய்விட்டிருக்கும். அந்த நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை மணிக்கு அனுப்புவீர்கள்?'

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு முறை ஒன்றுதான். முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவை, எச்சரிக்கையாக இல்லாவிட்டால் வரும் நஷ்டத்தால் வகுங்கள். 250-ஐ 1,100-ஆல் வகுத்தால் சுமார் 23 சதவீதம். மழைக்கான வாய்ப்பு அதற்கு மேல் என்றால் தள்ளிவையுங்கள், கீழே என்றால் அடியுங்கள். அதனால் 'மழை வரும், வராது' என்று மொட்டையாகச் சொல்கிறவரைவிட 'பத்தில் நாலு வாய்ப்பு' என்று சொல்கிறவர் அதிகம் உதவுகிறார்; வேலைக்கு வேலை இந்த எல்லை மாறுகிறது. முன்னறிவிப்பே தேவைப்படாத வேலைகளும் உண்டு. ஆய்ந்து களத்தில் காயவைத்த மல்லாட்டைக் காயை ராத்திரி தார்ப்பாய் போட்டு மூட அரை மணி நேரம் போதும். நனைந்தால் போவது ஆயிரக்கணக்கில். ஆவணி, புரட்டாசியில் எந்த ராத்திரியும் மழை வரலாம். அங்கே தினமும் மூடிவிடுவதுதான் சரி, யார் எதைச் சொன்னாலும். செலவும் நஷ்டமும் கொண்டிருக்கும் விகிதம், அந்தப் பருவத்து மழை வாய்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வேலைகளில்தான் ஆலோசனைக்கு நல்ல மதிப்பு வருகிறது.

மேலுரத்தில் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நெல்லுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 60 கிலோ, நாலாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 15 கிலோ, அதாவது 33 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை சுமார் 267 ரூபாய் என்பதால், மழையில் அடித்துக்கொண்டு போனால் 'இருநூறு ரூபாய்தானே' என்று தோன்றும். மானியம் அந்த விலையை மறைக்கிறது. பாதித் தழைச்சத்து, ஏழரைக் கிலோ, வரப்பு வழிந்து போய்விட்டதென்றால், ஒரு கிலோ தழைச்சத்துக்குப் பத்துக் கிலோ நெல் என்று தாழ்வாக வைத்தாலும் 75 கிலோ குறைகிறது. கிலோ 25 ரூபாய்க்கு 1,875 ரூபாய். இது களத்தில் தூற்றும்போதுதான் தெரியும், அப்போதும் யாரும் அந்த ஒரு மழையோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மழை என்றதும் உரத்தை நிறுத்து என்பதும் தவறு. புஞ்சைப் பயிருக்கு உரம் வைத்த பிறகு பத்து மில்லிமீட்டர் மழை வந்தால் அது வரம். உரத்தை வேருக்குக் கொண்டுபோகும். வழிந்தோடுகிற மழைதான் பகை. எனவே மில்லிமீட்டர் அளவு சொல்லாத ஆலோசனை உர விஷயத்தில் அரைகுறை.

மல்லாட்டை விதைப்புக்கு வருகிறேன். ஒரே முடிவில் அதிகப் பணம் தொங்குவது இங்கேதான். ஏக்கருக்கு விதைப் பருப்பு 50 முதல் 65 கிலோ வேண்டும். 60 கிலோவை 130 ரூபாய் வீதம் போட்டால் 7,800. உழவு, விதை நேர்த்தி, விதைக்கிற கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் மண்ணுக்குள் போகிறது. ஆடியில் ஒரு மழையைப் பார்த்து விதைத்துவிட்டு, அடுத்த பத்து நாள் வெயில் காய்ந்தால் முளைப்பு ஓட்டை விழும், பாதி வயல் வெறுமை. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: மல்லாட்டை ஒழுங்காக முளைத்து எழுந்துவிட்டால், அதன் பிறகு இருபது, இருபத்தைந்து நாள் வரை ஓரளவு வறட்சியைத் தாங்கும். ஆபத்து விதைத்த முதல் பத்து நாளிலும், பிறகு பூத்து விழுது இறங்கும் பருவத்திலும்தான். ஆகவே விதைப்பு நாளில் நீங்கள் கேட்க வேண்டியது 'இந்த வருஷம் மழை எப்படி?' என்று அல்ல. 'முளைத்து வர ஈரம் நிற்குமா?' என்று. அதில் பாதிப் பதில் மண்ணிலேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் 20 முதல் 25 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதா, கடப்பாரையால் குத்திப் பார்த்தால் விதை விழும் ஆழத்துக்குக் கீழேயும் நாலு விரற்கடை பதம் இருக்கிறதா என்று பாருங்கள். மீதிப் பதில் அடுத்த ஐந்து நாள் முன்னறிவிப்பிலும், இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் வெளியிடும் நாலு வாரக் கண்ணோட்டத்தில் முதல் இரண்டு வாரத்திலும் கிடைக்கும். மூன்றாம், நாலாம் வாரத்தை நம்பி விதையை மண்ணில் போடாதீர்கள். அந்தத் தூரத்தில் அதன் தரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பருவம் முழுவதற்குமான கணிப்பு ஒரு பரந்த பகுதியின் மொத்த மழையைப் பற்றியது. பருவத்துக்கு மொத்த மழை சராசரியாகவே இருந்து, நடுவில் இருபது நாள் விட்டுப்போய், பயிர் கருகுவதுண்டு.

பிடுங்கும் சமயத்தில் மழை எதிரியும் ஆகும், கூட்டாளியும் ஆகும். மண் காய்ந்து இறுகியிருந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணில் தங்கிவிடும். லேசான மழை பெய்து மண் இளகினால் சுத்தமாக வரும். அதே மழை பிடுங்கிப் போட்ட செடியின் மேல் மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தால் காய் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு வரும் அளவுக்குப் போகும். கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினாலும் 700 கிலோவுக்கு 7,000 ரூபாய். பயந்து பிடுங்காமலே வைத்திருக்கவும் முடியாது. கொத்து ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை உறக்கம் குறைவு, முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் அங்கேயே முளைக்கும். ஆகவே நல்ல ஆலோசனை எப்படி இருக்க வேண்டுமென்றால்: 'வியாழன் இரவு 15 மில்லிமீட்டர் வரை வாய்ப்பு, வெள்ளி முதல் திங்கள் வரை மழையில்லாமல் வெயில், முற்றிய வயலை வெள்ளி, சனியில் பிடுங்குங்கள்.' 'மழை வாய்ப்பு உள்ளதால் அறுவடையைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி வந்தால், அதை எழுதியவர் மல்லாட்டைக் காட்டில் நின்று பார்த்ததில்லை என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

நெல் அறுவடையில் வேறொரு முட்டுக்கட்டை. 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்துக்கு மாறாகக் கொட்டிய மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்தது. அப்படி ஒரு மழை வருகிறதென்று நாலு நாள் முன்பே தெரிந்தாலும், எல்லாருக்கும் ஒரே நாளில் அறுவடை வண்டி வேண்டும், இருப்பதோ சில வண்டிகள். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு மணி வாடகை கூடுதல், சாய்ந்த நெல்லை அறுக்க நேரமும் கூடுதல். அறுத்துக்கொண்டு போனாலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நிற்பார்கள். தளர்வு அறிவிப்பு வரும்வரை சாலையோரத்தில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்க வேண்டியதுதான். செயல்பட வழி இல்லாதவருக்கு முன்னறிவிப்பு பணமாக மாறுவதில்லை, கவலையாகத்தான் மாறுகிறது. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு வண்டியோ, முன்கூட்டியே பேசிவைத்த ஒப்பந்தமோ, நூறு தார்ப்பாயோ இருந்தால், அதே இலவச முன்னறிவிப்பின் மதிப்பு பல மடங்காகும். குத்தகைக்கு உழுகிறவரும், நகையை அடகு வைத்து விதை வாங்கியவரும் தள்ளிப்போடுகிற சக்தி குறைந்தவர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆலோசனையின் பயன் அவர்களைத்தான் கடைசியாகப் போய்ச் சேருகிறது. வண்டி, தார்ப்பாய் முறை வைக்கும்போது அவர்களை முதலில் எழுதுங்கள்.

இனி 'உள்ளூர்' என்ற சொல்லைப் பார்ப்போம், 250 ரூபாய் கேட்பது அதற்காகத்தானே. உங்கள் ஊரில் ஒரு தானியங்கி நிலையம் வைப்பதால் நாளைய மழைக் கணிப்பு பெரிதாகத் துல்லியமாகிவிடாது. கணிப்பு வருவது பெரிய கணினி மாதிரிகளிலிருந்து. 2025 மே மாதம் இந்தியா 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பைத் தொடங்கியது. அதற்கு முன் 12 கிலோமீட்டர். 2024 அக்டோபரிலிருந்து கிராம ஊராட்சி அளவிலும் ஐந்து நாள் முன்னறிவிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கட்டம் சிறிதாகும்போது எண்கள் நுணுக்கமாகத் தெரியும். அவை அதே அளவு சரியாகவும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆடி, ஆவணியில் உங்கள் பக்கம் பெய்வது பெரும்பாலும் மாலை நேர இடிமழை. ஓர் ஊரில் இரண்டு உழவு மழை, அடுத்த ஊரில் புழுதி. அந்த மேகம் எந்த ஊரின் மேல் கட்டும் என்று இரண்டு நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலையோடு வரும் மழை வேறு மாதிரி, பல மாவட்டங்களை ஒரே வீச்சில் நனைப்பது. அதை மூன்று, நாலு நாள் முன்பே ஓரளவு நம்பிக்கையோடு சொல்கிறார்கள், அதுவும் இலவசமாக.

அப்படியானால் உள்ளூர் நிலையத்தால் என்ன லாபம்? நேற்று என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லும். இந்த வயலில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, ராத்திரி காற்றில் ஈரப்பதம் எத்தனை மணி நேரம் உச்சத்தில் நின்றது, இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது. மல்லாட்டையில் டிக்கா இலைப்புள்ளியும் துருநோயும், நெல்லில் குலைநோயும் இந்த நனைந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் பெருகுகின்றன. இதை அளந்து, 'இந்த வாரம் பூஞ்சாணக் கொல்லி தேவையில்லை' என்று துணிந்து சொல்லக்கூடிய ஆலோசனை ஒரு தடவை மருந்தை, ஏக்கருக்கு ஆயிரம் ரூபாயை, மிச்சப்படுத்தும். நான் பணம் கொடுக்கச் சொல்வது இந்தப் பகுதிக்குத்தான். மழையை மட்டும் அளக்கத் தானியங்கி நிலையம் தேவையில்லை. நேர்ச் சுவருள்ள எந்த உருளைப் பாத்திரமும் போதும். வாய் அகலம் எவ்வளவாக இருந்தாலும், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. மரத்துக்கும் வீட்டுக்கும் அவற்றின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி, வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கும்படி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் முடியும் நேரம் அதுதான், ஒப்பிட வசதியாக இருக்கும். பத்து ஊரில் பத்துப் பாத்திரம் இருந்தால், எந்த ஊரில் விதைக்கலாம், எங்கே பொறுக்க வேண்டும் என்பது அன்று காலையே தெரிந்துவிடும்.

'எங்கள் கணிப்பு 85 சதவீதம் சரி' என்று சொன்னால் மயங்காதீர்கள். ஜூலையின் 31 நாளில் ஆறு நாள்தான் மழை என்றால், மாதம் முழுக்க 'மழை இல்லை' என்று ஒரு பலகை எழுதி மாட்டினாலே 25 நாள் சரியாகிவிடும், 80 சதவீதம். அந்தப் பலகையால் ஒரு காய்கூட மிஞ்சாது. கேட்க வேண்டியது இரண்டே எண்: மழை பெய்த நாட்களில் எத்தனையை முன்பே சொன்னீர்கள், 'மழை' என்று சொன்ன நாட்களில் எத்தனை பொய்த்தன. வானிலை அறிக்கைச் சொற்களையும் அளவோடு படிக்க வேண்டும். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதி நிலையங்களில் கால் பங்கு வரை, 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை, 'அநேக இடங்களில்' முக்கால் வரை, 'பெரும்பாலான இடங்களில்' அதற்கு மேல். 'கனமழை' என்பது 64.5 மில்லிமீட்டருக்கு மேல். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று கேட்டு உங்கள் வயலில் தூறல்கூட இல்லையென்றால் அறிக்கை பொய்த்தது என்று பொருளில்லை. நாலில் மூன்று பங்கு இடங்களுக்கு அது அப்படித்தான் இருக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி மன்றம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை. 16 மாநில விவசாயிகளிடம் கேட்டு எழுதியது. ஆலோசனைப்படி எதையும் மாற்றாத குடும்பங்களின் ஆண்டு வருமானம் சராசரி 1.98 லட்சம், அந்த அறிக்கை கேட்ட ஒன்பது வேளாண் நடைமுறைகளையும் மாற்றியவர்களுக்கு 3.02 லட்சம் என்கிறது. எண்ணைச் சந்தேகிக்க வேண்டாம். அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்பதையும் மாற்றக்கூடியவர் யார்? கிணறு, கையில் பணம், படித்த பிள்ளை இருப்பவர். ஆலோசனை வராவிட்டாலும் அவர் வருமானம் கூடுதலாகவே இருந்திருக்கும். ஒரு லட்சத்து நாலாயிரம் வித்தியாசம் முழுவதையும் வானிலைக் கணக்கில் எழுத முடியாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்க, தெலங்கானாவில் 250 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்கு மட்டும் பருவமழை தொடங்கும் காலத்தைப் பற்றிய கணிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மழை பிந்தும் என்ற செய்தி, எதிர்பார்த்ததைவிடக் கெட்ட செய்தியாக யாருக்கு இருந்ததோ அவர்கள் பயிரிடும் பரப்பைச் சுமார் 22 சதவீதம் குறைத்தார்கள். நம்பகமான தகவல் வந்தால் விவசாயி முடிவை மாற்றுவார் என்பதற்கு இது உறுதியான சான்று. அதைக் கொண்டு உங்கள் ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்று சொல்வது ஊகமாகத்தான் இருக்கும், பயிரும் மண்ணும் வேறு என்பதால்.

இலவசமாகக் கிடைப்பதை வைத்துத்தான் 250-ஐ அளக்க வேண்டும். செவ்வாய், வெள்ளிகளில் வட்டார அளவில் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தானியங்கி நிலையங்களும் இருக்கின்றன. குறை எங்கே என்றால், அறிக்கையை உங்கள் ஊர் மண்ணுக்கும் பயிர் வயதுக்கும் ஏற்றபடி எடுத்துச் சொல்ல ஆள் குறைந்துவிட்டது. வேளாண் அறிவியல் நிலையங்களில் 2018 முதல் அமைத்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024-ல் மூடப்பட்டன. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. தகவலை முடிவாக மாற்றும் கண்ணி அதுதான்.

இப்போது உங்கள் கணக்கு. 1,200 ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 லட்சம். செய்தி எல்லாருக்கும் போனாலும், கேட்டு வேலையை மாற்றுகிறவர்கள் முதல் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 400 ஏக்கர் என்று வைத்தால், மாற்றிச் செய்த ஒவ்வோர் ஏக்கரிலும் 750 ரூபாய் கிடைக்க வேண்டும். மருந்தில் 240, மேலுரத்திலும் பிடுங்குவதிலும் நல்ல வருஷம், கெட்ட வருஷம் கலந்து ஓர் ஆயிரமாவது வரும் என்பது என் மதிப்பீடு. ஆகவே மொத்தத்தில் ஆலோசனை 750-க்கு மேல் தரும். ஆனால் அதில் பெரும்பகுதி இலவச அறிக்கையை ஒழுங்காகப் படித்தாலே வந்துவிடும். தனியார் தருவதில் கூடுதலாக வருவது நோய்க் கணிப்பும், வயல் மழை அளவும்தான். அதற்கு எல்லா ஏக்கருக்கும் 250 என்பது அதிகம் என்று நினைக்கிறேன். 3 லட்சம் என்பது மாதம் 25,000. அதே பணத்தில் வேளாண் பட்டயம் படித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை வேலைக்கு வைத்து, பத்து மழைமானியும் வாங்கி, தினமும் மாலை ஐந்தரைக்கு நம் பேச்சிலேயே ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம். கேட்டு நடப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியானால், துல்லியம் கொஞ்சமும் கூடாமலே பயன் ஒன்றரை மடங்காகிறது.

அந்த நிறுவனத்தை முழுதாக மறுக்கவும் வேண்டாம். 100 ஏக்கரில் ஒரு போகம் வெள்ளோட்டம் கேளுங்கள். ஒரு நோட்டில் தினமும் மாலை மூன்று வரி: அவர்கள் நாளைக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்றார்களா இல்லையா, இலவச அறிக்கை என்ன சொன்னது, கணித்த அந்த நாளுக்கு அடுத்த காலை பாத்திரத்தில் எத்தனை நின்றது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். 15-ஆம் தேதி காலை அளப்பது 14-ஆம் தேதி காலை 8.30 முதல் பெய்த மழை. அதை 15-ஆம் தேதிக் கணிப்போடு ஒப்பிட்டால் நல்ல கணிப்பும் கெட்டதாகத் தெரியும். பக்கத்தில் நாலாவது வரி ஒன்று, இதுதான் முக்கியம்: செய்தியைக் கேட்டு யார், எந்த வேலையை, எத்தனை நாள் மாற்றினார், அதற்கு என்ன செலவு. போகம் முடிந்து அந்த நாலாவது வரியைக் கூட்டிப் பார்த்து, அவர்களுடையதற்கும் இலவசத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 100 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு என்ன கொடுக்கலாம் என்பது கிடைத்துவிடும். ஒரு போகம் சில சமயம் ஏமாற்றும், மழையே இல்லாத ஆண்டாகப் போனால் எதுவும் தெரியாது. அப்படியானால் கையெழுத்துப் போடாமல் அடுத்த பட்டத்துக்கும் அதே நோட்டைத் தொடருங்கள்.